ஆசிட் விட்டாலும் மறுநாளே பிஎச் 7-ஐத் தாண்டுகிறது

கேள்வி:
100 லிட்டர் தொட்டி, என்எஃப்டி (மண்ணில்லாமல், உரநீர் மெல்லிய படலமாக ஓடும் முறை) குழாயில் லெட்யூஸ் கீரை. போர் தண்ணீர், காரத்தன்மை 200 பிபிஎம் (கால்சியம் கார்பனேட் கணக்கில்). உரம் கலந்தபின் ஈசி (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறன்) 1.4. பாஸ்பாரிக் ஆசிட் விட்டு 5.8-க்கு இறக்கினால் மறுநாள் 7.2 காட்டுகிறது. புது இலைகளில் நரம்பு மட்டும் பச்சை, மற்ற இடமெல்லாம் மஞ்சள். போடுவது இடிடிஏ இரும்பு (இரும்பைப் பிடித்துக் கரைந்த நிலையில் வைத்திருக்கும் இடிடிஏ சேர்ந்தது). அளவைக் கூட்டலாமா?

பதில் 1:
கூட்ட வேண்டாம். பிஎச் 6.5-ஐத் தாண்டினால் இடிடிஏ இரும்பை விட்டுவிட்டுக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு கொட்டினாலும் வேருக்கு எட்டாது.

குற்றவாளி உங்கள் போர் தண்ணீரிலுள்ள பைகார்பனேட்; காரத்தன்மை என்பது பெரும்பாலும் அதுதான். ஆசிட் பட்டதும் அது கார்பன் டை ஆக்சைடாகி நீரிலேயே கரைந்து நிற்கும். அதனால்தான் மீட்டர் உடனே 5.8 காட்டுகிறது. ஏர் ஸ்டோன் (நீரில் காற்றுக் குமிழி விடும் கல்) அந்த வாயுவை வெளியேற்றியதும் பிஎச் ஏறும். மிச்சமிருக்கும் பைகார்பனேட்டும் சேர்ந்து இழுக்கும்.

கணக்கு இது: 200-ஐ 50-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 4 மில்லி ஈக்விவலன்ட் (ஆசிட்டும் காரமும் ஒன்றையொன்று முறிக்கும் அளவை எண்ணும் அலகு). ஒன்றை விட்டுவைத்து மூன்றை முறிக்கலாம். 100 லிட்டருக்கு 85% பாஸ்பாரிக் சுமார் 20 மில்லி. ஆனால் அதிலேயே பாஸ்பரஸ் 93 பிபிஎம் ஏறிவிடும், லெட்யூஸுக்கு 30–50 போதும். போதாக்குறைக்கு, பிஎச் ஏறும்போது கால்சியம் பாஸ்பேட்டாக வெள்ளைப் படிவும் விழும். அதற்குப் பதில் 60% நைட்ரிக் சுமார் 23 மில்லி; 42 பிபிஎம் நைட்ரஜன் கூடும், உரக் கணக்கில் கழித்துவிடுங்கள். இல்லையேல் பாதிக்குப் பாதி ஆர்ஓ நீர் கலந்து, முறிக்கவேண்டியதைக் குறையுங்கள்.

உரம் சேர்க்குமுன் வெறும் நீரிலேயே ஆசிட் விட்டு, இரவு முழுக்கக் காற்றோட்டம் கொடுங்கள். காலையில் ஏ உரக் கரைசல், நன்றாகக் கலந்தபின் பி உரக் கரைசல், கடைசியில் பிஎச் திருத்தம். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்றவேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல.

பதில் 2:
கணக்கு சரி. ஆனால் பழி முழுவதும் தண்ணீர் மேல்தானா என்று முதலில் பாருங்கள். அதே கரைசலைச் செடியில்லாத வாளியில் எடுத்து, ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் விடுங்கள். வாளியிலும் ஏறினால் தண்ணீர்தான். தொட்டியில் மட்டும் ஏறினால் செடி நைட்ரேட்டை உறிஞ்சிக் காரத்தை வெளிவிடுகிறது. மொத்த நைட்ரஜனில் 5–10% அம்மோனியமாகக் கொடுத்தால் ஏற்றம் மட்டுப்படும். அதற்கு மேல் போகாதீர்கள், வேர் பாழாகும். செடியைத் தாங்கப் போடும் களிமண் உருண்டையைக் கழுவாமல் விட்டாலும் பிஎச் ஏறும்.

சிட்ரிக் ஆசிட் பக்கம் போகவே வேண்டாம். நுண்ணுயிர்கள் தின்று தீர்த்ததும் பிஎச் பழைய இடத்துக்கே வரும், குழாயில் வழவழப்பும் சேரும். மீட்டரை பிஎச் 7, 4 பஃபரில் (பிஎச் மாறாத அளவுக் கரைசல்) சரிபார்த்தீர்களா? முனையை ஆர்ஓ நீரில் ஊறவைத்தால் கெட்டுவிடும், பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்கவேண்டும்.

கேள்வி கேட்டவர்:
வாளியிலும் 7 வந்துவிட்டது. இப்போதுள்ள கரைசலைத் திருத்த முடியுமா?

பதில் 1:
கொட்டிவிடுங்கள். தினமும் விட்ட பாஸ்பாரிக்கால் பாஸ்பரஸ் ஏறிக் கிடக்கும், ஈசி மீட்டர் அதைத் தனியாகக் காட்டாது. புதுக் கரைசலில் 5.8-ஐயே பிடித்துத் தொங்கவேண்டாம், 5.5-க்கும் 6.3-க்கும் நடுவே அலைந்தால் விட்டுவிடுங்கள். ஆசிட் கூடி 5-க்குக் கீழே போனால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தேடவேண்டாம், உங்கள் போர் தண்ணீரையே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் ஏறிவிடும்.