ஆயில் பெயிண்டிங்: கொண்டை மட்டும் வெடிக்கிறது, படத்தைக் காப்பாற்ற முடியுமா?

பாலக்கோட்டுப் பொண்ணு:
வணக்கம். எங்கள் ஆயாவின் பழைய போட்டோவைப் பார்த்து, 19ஆம் நூற்றாண்டு முறையில் ஆயில் பெயிண்டிங் வரைகிறேன். முதலில் பழுப்பில் நிழலும் வெளிச்சமும், அது காய்ந்ததும் நிறம், கடைசியில் கண்ணாடி மாதிரி மெல்லிய பூச்சு. சொல்லித்தர ஆள் இல்லை, நானாகத்தான் பழகுகிறேன்.

முகம் நன்றாக வந்துவிட்டது. கொண்டைதான் பிரச்சினை. மூன்று மாதம் ஆகியும், காய்ந்த ஏரி மண் மாதிரி வெடித்துக்கொண்டே போகிறது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கிறது, கட்டைவிரலால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகிறது. புடவைச் சிவப்பும் அங்கங்கே பளபளப்பு போய்த் திட்டுத்திட்டாக வெளிறிக் கிடக்கிறது. தை மாதம் ஆயாவுக்குத் திதி. முழுசாக அழித்துவிட்டு வரையச் சொல்லாதீர்கள், அந்தச் சிரிப்பு இன்னொரு முறை கைக்கு வராது.

பழைய பேனர் ஆர்ட்டிஸ்ட், கிருஷ்ணகிரி:
என்ன எண்ணெய், என்ன கறுப்பு போட்டாய் கண்ணு? அடியில் எவ்வளவு தடிமன்?

பாலக்கோட்டுப் பொண்ணு:
ஹார்டுவேர் கடையில் வாங்கிய டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்), ஐவரி பிளாக் கறுப்பு. அடர்த்தியாக வரட்டும் என்று எண்ணெய் நிறைய விட்டுத் தடிப்பாகவே பூசினேன். மேலே முடி இழைகளுக்கு டர்பன்டைன் கலந்து மெலிசாகப் போட்டேன் அண்ணா.

பழைய பேனர் ஆர்ட்டிஸ்ட், கிருஷ்ணகிரி:
சரி, புரிந்துவிட்டது. தலைகீழாகச் செய்திருக்கிறாய். டர்பன்டைன் ஆவியாகிப் போய்விடும். லின்சீட் அப்படி இல்லை, காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துத்தான் இறுகும். ஐவரி பிளாக் வேறு இயல்பாகவே மெதுவாகக் காயும். அடி இன்னும் அசைந்துகொண்டிருக்கும்போது மேல்பூச்சு முதலில் இறுகினால் வெடிக்காமல் என்ன செய்யும்? கீழே எண்ணெய் குறைவாக, மேலே போகப் போகக் கூடுதலாக இருக்க வேண்டும். அதோடு இருட்டை மெலிசாகவும் வெளிச்சத்தைத் தடிப்பாகவும் வைப்பதுதான் அந்தக் காலத்துப் பழக்கம். அந்த நூற்றாண்டிலேயே அடர்பழுப்புக்காகத் தார் மாதிரியான நிலக்கீல் கலந்து வரைந்தார்கள், அது சரியாகக் காயாமல் எத்தனையோ படங்கள் முதலைத்தோல் மாதிரி ஆகிவிட்டன.

முகத்தைத் தொடாதே. கொண்டையை மட்டும் பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டி எடு. மிச்சத்தை டர்பன்டைன் தொட்ட துணியால் துடை. நன்றாகக் காய்ந்ததும் பர்ன்ட் அம்பர் என்கிற அடர்பழுப்பும் அல்ட்ராமரைன் என்கிற அடர்நீலமும் கலந்து மெலிசாகப் போடு. அம்பரில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காயும், கறுப்பும் உயிரோடு இருக்கும். எண்ணெயை ஆர்ட் கடையில் ரீஃபைன்டு லின்சீட் என்று கேட்டு வாங்கு. ஹார்டுவேர் கடை எண்ணெய் கதவு ஜன்னலுக்கு, போகப் போகப் பழுப்பேறும்.

மாந்தோப்பு:
மொட்டை மாடி வெயிலில் நாலு நாள் வைத்தால் காய்ந்துவிடாதா?

டிராயிங் டீச்சர், தருமபுரி:
வேண்டாம் தம்பி. மேல் தோல்தான் இன்னும் இறுகும், அடி அப்படியே இருக்கும்.

தங்கச்சி, புடவைத் திட்டுக்குக் காரணம், அடியில் இருக்கிற பிரைமர் (வரையும் முன் பூசும் அடிப்பூச்சு) எண்ணெயை உறிஞ்சுவது. சிவப்பு காய்ந்திருந்தால், லின்சீடும் டர்பன்டைனும் சரிபாதி கலந்து ஒரு சொட்டு வைத்துத் தேய்த்து, மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். நிறம் எழுந்து வரும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், லின்சீட் இறுகும்போது சூடு கிளம்பும், தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து வையுங்கள். வார்னிஷைத் தைக்குள் பூச வேண்டாம், ஆறு மாதமாவது போகட்டும். வார்னிஷ் இல்லாமலே மாட்டலாம்.

சொல்லித்தர ஆள் இல்லை என்று மனம் தளராதீர்கள். ரவி வர்மாவுக்கு 1868இல் திருவிதாங்கூர் அரண்மனையில் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்கத்தான் அனுமதி கிடைத்தது. எழும்பூர் மியூசியத்தில் அவர் படங்கள் இருக்கின்றன. ஒருமுறை போய், நிழல் எவ்வளவு மெலிசு என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

பாலக்கோட்டுப் பொண்ணு:
அண்ணா, டீச்சர், இருவருக்கும் நன்றி. இன்று காலை சுரண்டினேன். மேலே ஏடு மாதிரி உரிந்து வந்தது, அடியில் பசை மாதிரி ஈரம், எண்ணெய் வாடை அப்படியே இருந்தது. காதோரம் இரண்டு நரைமுடி மட்டும் நன்றாக இறுகியிருந்தன, அவற்றை விட்டுவிட்டேன். புடவைச் சிவப்பு எழுந்துவிட்டது. துணி வாளித் தண்ணீரில் கிடக்கிறது.