கோப்பைத் திறக்கும் முன் அனுமதியைச் சோதிப்பது சரியா?

கேள்வி: லினக்ஸில் சி மொழியில் எழுதிய என் நிரல் ரூட்டுக்கு (முழு அதிகாரமுள்ள நிர்வாகிப் பயனர்) உரியது, செட்யூஐடி பிட்டும் (யார் இயக்கினாலும் நிரலை அதன் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடச் செய்யும் குறி) இட்டிருக்கிறேன். ஒரு லாக் கோப்பில் எழுத முடியுமா என்று அக்சஸ் அழைப்பின் மூலம் சோதித்தால் அனுமதி இல்லை என்று வருகிறது. அதே கோப்பை ஓபன் அழைப்போ தடையின்றித் திறந்துவிடுகிறது. காரணம் என்ன?

பதில் 1: இது பிழையன்று. ஓபன் பார்ப்பது நிரலின் செயல்நிலைப் பயனர் எண்ணை, அதாவது நிரல் இப்போது யாருடைய அதிகாரத்தில் ஓடுகிறதோ அவருடைய எண்ணை; உங்கள் நிரலில் அது ரூட்; அக்சஸ் பார்ப்பது நிரலை இயக்கியவரின் உண்மையான பயனர் எண்ணை. செயல்நிலை எண்ணைக் கொண்டே சோதிக்க வேண்டுமானால், ஃபேக்சஸ்அட் அழைப்பில் ஏடி_ஈஅக்சஸ் என்ற கொடியைச் சேருங்கள்.

பதில் 2: மேலே சொன்னது சரியே, ஆயினும் செட்யூஐடி நிரலில் முன்கூட்டிச் சோதிப்பதையே நான் ஏற்கமாட்டேன். சோதனைக்கும் திறப்புக்கும் இடைப்பட்ட கணத்தில், அந்தப் பாதையில் ஒருவர் /எட்சி/ஷேடோவைச் சுட்டும் சிம்லிங்க்கை (வேறொரு கோப்புக்குத் திருப்பிவிடும் இணைப்பு) வைத்துவிட்டால், உங்கள் நிரல் ரூட்டின் அதிகாரத்தோடு கடவுச்சொல் கோப்பிலேயே எழுதிவிடும். எனவே செட்ஈயூஐடி அழைப்பின் மூலம் செயல்நிலை எண்ணை நிரலை இயக்கியவரின் எண்ணுக்கு இறக்கி, நேரே ஓபனை அழைத்து, அது தோற்றால் பிழையின் காரணத்தைக் காட்டும் எர்நோவைப் பாருங்கள்: ஈஅக்சஸ் என்றால் அனுமதி இல்லை, ஈரோஎஃப்எஸ் என்றால் அந்தக் கோப்பு முறைமையே படிப்பதற்கு மட்டுமானது.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. பைத்தானின் ஓஎஸ்.அக்சஸும் இப்படித்தானா?

பதில் 2: ஆம், அதுவும் இயல்பாக உண்மையான எண்ணையே பார்க்கும். அங்கும் ட்ரை தொகுதிக்குள் கோப்பைத் திறந்து, அனுமதி இல்லாதபோது எழும் பெர்மிஷன்எரர் என்ற பிழையைப் பிடிப்பதே நல்லது.