"பாக்கி" என்று திட்டினால் என்ன செய்வது? (லண்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு)

கேள்வி: "பாக்கி" என்பது பாகிஸ்தானியின் சுருக்கம்தானே? நாம் பாகிஸ்தானியே இல்லை, கண்டுகொள்ளாமல் விடலாமா?

பதில்: விடாதீர்கள். பிரிட், ஆஸி மாதிரி வெறும் சுருக்கம் என்றுதான் வந்த புதிதில் தோன்றும். ஆனால் இது 1960களில் பிரிட்டனில் பரவிய வசவு. தெற்காசியர்களைத் தேடிப் பிடித்து அடித்ததற்கே அப்போது "பாக்கி பேஷிங்" என்று பெயர். இந்தியர், வங்காளி என்று யாரும் தப்பவில்லை. 1978-ல் கிழக்கு லண்டனில் இனவெறியர்களால் கொல்லப்பட்ட அல்தாப் அலி வங்காளி. வைட்சாப்பலில் அவர் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது.

பஸ்ஸில் திட்டினால் பதிலுக்குக் கத்தாதீர்கள். நேரம், நிறுத்தம், சொன்ன வார்த்தைகளை அப்படியே போனில் குறித்துக்கொள்ளுங்கள். "இனத்தைச் சொல்லித் திட்டினான்" என்று பொதுவாக எழுதினால் புகார் வலுவிழக்கும். 1998-ம் ஆண்டுச் சட்டப்படி இனப்பகை சேர்ந்த குற்றத்துக்குத் தண்டனை கூடும். அதற்குப் பெரும்பாலும் அந்தச் சொல்தான் சாட்சி. ரூட் நம்பர் மட்டும் போதாது, ஒரே ரூட்டில் பல வண்டி ஓடும். நம்பர் பிளேட்டையும் பாருங்கள். போலீஸைக் கூப்பிட, ஆபத்து என்றால் 999, ஆள் போய்விட்டால் 101. "ஹேட் கிரைம்" (வெறுப்புக் குற்றம்) என்று சொல்லியே பதியச் சொல்லுங்கள். சிசிடிவி பதிவுகள் அழிந்துவிடும், தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொருவர்: அதோட எங்கட வாயையும் கவனியுங்கோ. "பாக்கி கடை" எண்டு சொல்லாதேங்கோ, கோர்னர் ஷொப் எண்டால் போதும். அதைவிட மோசம் "காப்பிலி". மதத்தை ஏற்காதவரைக் குறிச்ச அரபுச் சொல் "காஃபிர்", போர்த்துக்கேயர் வாயில ஆபிரிக்கருக்குப் பேராகி இலங்கைக்கு வந்தது. அதே வேரில வந்த சொல் தென்னாபிரிக்காவில படுமோசமான வசவு; அதைத் திரும்பத் திரும்பச் சொல்லித் திட்டின பெண்ணுக்கு 2018-ல சிறைத்தண்டனை விழுந்தது. வீட்டில தமிழில கதைக்கேக்கையும் வேண்டாம், பிள்ளையள் அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவினம். "கறுப்பினத்தவர்" எண்டு சொல்லுங்கோ.

கேள்வி: "கூலி" நம்ம சொல்தானே, அதைச் சொல்லலாமா?

பதில்: ஆங்கிலத்தில் வழங்கும் "கூலி" தமிழ்க் கூலியிலிருந்து போனது என்பார்கள், குஜராத்தின் கோலி சமூகப் பெயர் என்போரும் உண்டு. 1838-ல் தென் அமெரிக்காவின் கயானாவுக்கும் 1860-ல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிப்போன பிறகு, அங்கே இந்தியர் எல்லோரையும் இழித்துக் கூப்பிடும் பெயராகிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் வக்கீலாக இருந்த காந்தியையே "கூலி பாரிஸ்டர்" என்றுதான் கூப்பிட்டார்கள். டர்பன், கயானா வம்சாவளியினரிடம் கேலிக்குக்கூட அதைச் சொல்லாதீர்கள்.