மலாவியில் கர்ப்பிணிகளுக்கான செக்கப்: நேரில் பார்த்தவர்களின் பகிர்வு

செவிலியராக இருந்தவர்:

ஆப்பிரிக்க நாடான மலாவியின் தெற்குப் பகுதியில் ஒரு கிராமத்துச் சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தேன். அங்கே கர்ப்பிணிகள் செக்கப்புக்கே வருவதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2015-16 தேசிய ஆய்வின்படி 95 சதவீதம் பேர் பயிற்சி பெற்ற ஒருவரிடம் காட்டியிருக்கிறார்கள். அதே ஆய்வில் தாய் இறப்பு, உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 439. அப்படியானால் வந்த இடத்தில் அவர்களுக்கு என்னதான் கிடைத்தது?

விடியும் முன்பே நடக்கத் தொடங்கி வந்து, இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சித்தேஞ்சே துணியை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். பாட்டு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு சுகாதாரப் பேச்சு, எடை, வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது, கையில் கொண்டுவந்த ஹெல்த் பாஸ்போர்ட் என்ற மருத்துவக் குறிப்பு நோட்டில் ஒரு வரி. அவ்வளவுதான். பிரஷர் கருவியில் பேட்டரி தீர்ந்திருந்தால் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். சிறுநீரில் புரதம் பார்க்கும் ஸ்ட்ரிப் பல மாதங்கள் வராது. வரிசை நீளமாக இருப்பதால், தலைவலிக்கிறது, கண் மங்குகிறது என்று பிரஷர் ஏறியதற்கான அறிகுறிகளைச் சொல்ல ஒரு பெண்ணுக்கு அவகாசமே கிடைக்காது. கடைசியில் அதனால் வலிப்பு வந்து தூக்கிக்கொண்டு வரும்போதுதான் அவருடைய பிரஷர் எங்களுக்குத் தெரியவரும். அப்படி வந்த பெண்களின் மாமியார்களிடம் பேசுவதற்கு எந்தப் பயிற்சியும் போதாது.

பிறகு க்ரேடில் என்ற பிரஷர் கருவி வந்தது. செல்போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஆகும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்கு எரியும். சிவப்பு எரிந்தால் உடனே கவனிக்க வேண்டும் என்பது உதவியாளருக்கும் புரிந்தது. பாட்டுக்கு முன்பே எல்லோருக்கும் பிரஷர் பார்த்துவிடுவது என்று வரிசையை மாற்றினோம். இதற்குக் காசு எதுவும் செலவாகவில்லை.

முன்பு நாலு முறை என்றிருந்த செக்கப்பை உலக சுகாதார நிறுவனம் 2016-இல் எட்டு முறையாக்கச் சொன்னது நல்லதுதான். ஆனால் பிரஷர் பார்க்காத எட்டு செக்கப்பைவிட, ஒழுங்காகப் பார்த்த நாலு மேல் என்றே இன்றும் நினைக்கிறேன்.

மருந்தகத்தில் இருந்தவர்:

அக்கா சொன்னது முழுக்க உண்மை. என் பக்கத்திலிருந்து ஒன்று. கர்ப்பிணிகளுக்கு மலேரியா தடுப்பாக எஸ்பி (சல்ஃபாடாக்சின்-பைரிமெத்தமின்) மாத்திரை தருவதை 1993-இல் முதலில் கொள்கையாக்கிய நாடு மலாவி. மூன்று மாத்திரைகளையும் எங்கள் கண்முன்னே விழுங்க வேண்டும். ஆனால் நான் இருந்த இடத்தில் டம்ளரும் இல்லை, குடிதண்ணீரும் இல்லை. வீட்டில் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தனுப்புவார்கள். வெறும் வயிற்றில் குமட்டும் என்று பயந்து பலர் போடுவதில்லை. மூடியுள்ள வாளி ஒன்றும் கொஞ்சம் டம்ளர்களும் வாங்கி வைத்தபின் நிலைமை மாறியது. எச்ஐவி உள்ள பெண்கள், தொற்றுத் தடுப்புக்கான கோட்ரிமாக்ஸசோல் மாத்திரை எடுப்பவர்களாக இருந்தால் அவர்களுக்கு எஸ்பி தரக்கூடாது. அவசரத்தில் நோட்டைப் புரட்டாமல் கொடுத்துவிடும் ஆபத்து உண்டு, அதையும் சொல்ல வேண்டும்.

களப்பணியில் இருந்தவர்:

தாமதமாக வருவதைப் பற்றியும் பேசலாம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்குள் வருபவர்கள், அக்கா சொன்ன அந்த 2015-16 ஆய்வில் 24 சதவீதம்தான். 'பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று சொல்லிக் கடந்துபோவது எனக்குக் கோபம் வரவழைக்கும். கணவரைக் கூட்டி வா என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். புதிதாகப் பதிபவர்களுக்கு வாரத்தில் ஒரே நாள்தான் என்று சொன்ன இடமும் உண்டு. அவ்வளவு தூரம் நடந்து வந்தவர் மறுபடி எப்போது வருவார்?

ஏறக்குறைய ஒரே மாதத்தில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு பெண்களைக் குழுவாக உட்கார வைக்கும் முறையும் மலாவியில் முயன்று பார்க்கப்பட்டது. எடையையும் பிரஷரையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். செவிலியருக்கு உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். எனக்கு மிகவும் பிடித்த முறை இது. ஆனால் அதற்கும் ஒரு அறை வேண்டும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதே செவிலியர் வர வேண்டும். ஆள் பற்றாக்குறையில் முதலில் அடிபடுவது இதுதான்.

இப்போது அங்கே இருப்பவர்கள் யாராவது, சிறுநீர் ஸ்ட்ரிப்பும் இரும்புச்சத்து மாத்திரையும் ஒழுங்காக வருகிறதா என்று எழுதுங்கள்.