அம்பாப் பாட்டு ஒலிப்பதிவும் டைனமிக் ரேஞ்சும்: ஓர் ஐயம்

கேள்வி (மண்டபம்):
கரைவலை இழுக்கையில் பாடும் அம்பாப் பாட்டுகளை, அவற்றை அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே பதிவு செய்ய விரும்புகிறேன். பாட்டை எடுத்துக்கொடுப்பவரின் குரல் தணிந்தது. பின்பாட்டோ ஒரே முழக்கம். முதற்குரலுக்கு ஏற்ப அளவை வைத்தால் பின்பாட்டு சிதைகிறது. பின்பாட்டுக்கு வைத்தால் முதற்குரல் அமுங்கிவிடுகிறது. என்னுடையது 16 பிட் ரெக்கார்டர். 24 பிட் கருவி வாங்கினால் டைனமிக் ரேஞ்ச் கூடி இக்குறை தீருமா?

மறுமொழி 1:
ஓரளவே தீரும். ஒரு கருவியின் சொந்த இரைச்சலில் மூழ்காத மிகத் தாழ்ந்த ஒலிக்கும், சிதையாமல் பதிவாகும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியே டைனமிக் ரேஞ்ச். பிட் (ஒலியை அளந்து எழுதும் எண்ணின் இலக்கம்) ஒன்றுக்கு ஏறத்தாழ 6 டெசிபல் என்பதால் 16 பிட்டுக்கு 96, 24 பிட்டுக்கு 144 டெசிபல் என்பது கணக்கு. மின்சுற்றின் இரைச்சலால் நல்ல கருவிகளிலும் நடைமுறையில் 120 அளவே கிடைக்கும். 1982இல் விற்பனைக்கு வந்த சி.டி.யும் 16 பிட்தான். உங்கள் கரையில் அலையும் காற்றும் 60 டெசிபல் இரைந்து, பின்பாட்டு 100 டெசிபலைத் தொட்டாலும் இடைவெளி 40தான். அதற்கு 16 பிட்டே தாராளம். 24 பிட்டின் உண்மையான பயன், உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபலைத் (கருவியின் அளவுகோலில் சிதைவு தொடங்கும் எல்லை 0) தாண்டாதபடி அளவைத் தாழ்த்தி வைத்துவிட்டு, தணிந்த குரலைப் பிறகு அச்சமின்றி உயர்த்திக்கொள்ளலாம் என்பதே.

மறுமொழி 2 (பாம்பன்):
கருவியைவிட மைக் இருக்கும் இடமே முக்கியம். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். எனவே மைக்கை முதற்குரலுக்கு அருகிலும் கூட்டத்துக்குத் தள்ளியும் வையுங்கள். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும். அப்போது அமைதியாக இருக்கும் வடகடல் (பாக் விரிகுடா) கரைக்குப் போய்விடுங்கள். மைக்குக்கு ஸ்பாஞ்சு உறை போதாது, ரோம உறை தேவை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வடிகட்டும் லோ கட் பொத்தானையும் போட்டுக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3:
கைப்பேசியில் கேட்பவர்களுக்காக கம்ப்ரஸரால் உரத்த ஒலிக்கும் தணிந்த ஒலிக்கும் உள்ள இடைவெளியைச் சற்றுக் குறைப்பதில் தவறில்லை. ஆனால் அதை நகலில் மட்டும் செய்து, மூலத்தைச் சுருக்கப்படாத வேவ் (WAV) கோப்பாக அப்படியே காத்துவையுங்கள். உரத்த பதிவுகளை யூடியூப் தானே தாழ்த்திவிடுவதால், மிகையாக நசுக்குவதில் ஆதாயமில்லை. தனிக்குரலிலிருந்து கூட்டக்குரலுக்கு ஏறும் அந்த ஏற்றத்தில்தான் வலை இழுக்கும் கைகளின் வேகம் இருக்கிறது. இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தால் அது உழைப்புப் பாட்டாகவே ஒலிக்காது.