டாக்டர் மாறினதும் மக பார்க்க மாட்டேங்கிறா, தொடரலாமா?

தெப்பக்குளத்துக்காரி:
நானும் எட்டாவது படிக்கிற என் மகளும் ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் உக்காந்து பிபிசி-யோட அறிவியல் கற்பனைத் தொடர் ‘டாக்டர் ஹூ’ பார்ப்போம். டாக்டரா மேட் ஸ்மித் நடிக்க வந்ததுல இருந்து ஆரம்பிச்சு, அவர் போற கதை வரைக்கும் வந்தாச்சு. கழுத்துல இருந்த போ டையை அவுத்துக் கீழ விட்டாரு பாருங்க, அங்கயே இவ அழ ஆரம்பிச்சுட்டா. கண்ணைத் தொடைக்குறதுக்குள்ள அடுத்த டாக்டரா நடிக்கிற பீட்டர் கபால்டி முகம் வந்து நிக்குது. “இவரு என் டாக்டர் இல்ல”ன்னு எந்திரிச்சுப் போனவதான். எனக்குமே மனசு ஒப்பல. கபால்டி கதைகளைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்தலாமா, இல்ல கொஞ்ச நாள் விட்டுப் பிடிக்கலாமா?

வைகைக்கரை:
வற்புறுத்தாதீங்க. கபால்டியைத் தாண்டி 2018-ல ஜோடி விட்டேக்கர் வர்ற இடத்துக்குப் போயிடுங்க. முதல் பெண் டாக்டர், பிள்ளைக்கும் பிடிக்கும்.

ஒத்தக்கடை ரசிகன்:
அக்கா, தாண்ட மட்டும் தாண்டாதீங்க. ஆள் மாறுற அந்த இடத்துலதான் இந்தத் தொடரோட உயிரே இருக்கு.

1963-ல ஆரம்பிச்சப்ப டாக்டரா நடிச்சவர் வில்லியம் ஹார்ட்னெல். 1966 வாக்குல அவருக்கு உடம்பு முடியல. பிபிசி அதோட கடையைக் கட்டியிருக்கலாம். ஆனா டாக்டர் வேற கிரகத்து ஆளுதானே, உடம்பு தேஞ்சா புதுசாக்கிக்குவாருன்னு கதைக்குள்ளயே வழி பண்ணுனாங்க. அந்த வருசம் அக்டோபர் 29-ல ஹார்ட்னெல் தரையில விழுந்தாரு, பேட்ரிக் ட்ரௌட்டன் முகத்தோட கிடந்தாரு. அடுத்த கதையில பழைய மோதிரம் புது விரல்ல நிக்காது, கழண்டுக்கும். கூட வந்த பென் இது வேற யாரோன்னு சந்தேகப்படுவான், பாலி மட்டும் நம்புவா. ஆனா பரம எதிரியான டேலக் அவரைப் பாத்ததும் யாருன்னு கண்டுக்கும். பென்னோட நாமளும் சந்தேகப்பட்டு, டேலக்கைப் பாத்துத்தான் நம்புறோம்.

எங்கப்பா மேலூர்ப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிச்சவரு. ‘வள்ளி திருமணம்’னா, போன வருசம் முருகனா வந்த ராஜபார்ட்டே இந்த வருசமும் வருவாருன்னு இல்ல. ஒத்திகையும் கிடையாது. புது ஆள் மேடையேறினா முன்னால பாய் விரிச்சு உக்காந்திருக்கிற கிழவிக மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. தர்க்கம் சூடுபிடிச்சு, வள்ளி கேட்ட கேள்விக்கு அவரு பாட்டுலயே பதில் சொல்லி, அந்தம்மா ஒரு நொடி தடுமாறி நிக்கணும். “ம்ம்”னு ஒரு சத்தம் வரும் பாருங்க கூட்டத்துல! அதுக்கப்புறம் அவருதான் முருகன். ராஜபார்ட்டைத் தூக்கி நிறுத்துறது எதிர்ல நிக்கிற ஸ்திரீபார்ட்டுதான்னு அப்பா சொல்லுவாரு.

அதனால மகளைக் கபால்டியைப் பாக்கச் சொல்லாதீங்க, டாக்டர் கூடவே வர்ற கிளாராவைப் பாக்கச் சொல்லுங்க. கபால்டியோட முதல் கதை ‘டீப் பிரெத்’ முழுக்க அவளும் உங்க மக மாதிரியேதான் தவிப்பா. கடைசியில அவளுக்கு ஒரு போன் வரும். (இதை மகட்ட சொல்லிறாதீங்க.) மேட் ஸ்மித்தேதான் பேசுவாரு. புது ஆளு ரொம்பப் பயந்துபோயிருக்கான், நீ கூட இருன்னு கேப்பாரு. கபால்டி எதிர்லயே நின்னுட்டு, தன்னை அவ டாக்டராப் பாக்கவே மாட்டேங்கிறாளேன்னு ஏங்குவாரு. போன் வர்ற வரைக்கும் பிள்ளையை எந்திரிக்க மட்டும் விட்டுறாதீங்க.

சிம்மக்கல் வாசகி:
ஒத்தக்கடைத் தம்பி சொல்றதுதான் சரி. வழியனுப்பாம ஆளை மாத்துனா என்ன ஆகும்னும் இதே தொடர்ல இருக்கு. டாக்டரா நடிச்ச காலின் பேக்கரை 1986-ல நீக்குனாங்க. மாறுற கதைக்கு மட்டும் வந்துட்டுப் போங்கன்னு கூப்பிட்டப்ப அவரு மாட்டேன்னுட்டாரு. அவரு முடி மாதிரியே சுருட்டை விக் வச்சுக்கிட்டு, அடுத்து வந்த சில்வெஸ்டர் மெக்காயே தரையில கிடந்தாரு. இன்னிக்குப் பாத்தாலும் மனசு ஆறல.

மகட்ட இன்னொன்னும் சொல்லுங்க. கபால்டி சின்ன வயசுலயே இந்தத் தொடருக்குத் தீவிர ரசிகர். 15 வயசுல அவரு எழுதின கடிதம் 1974-ல ‘ரேடியோ டைம்ஸ்’ பத்திரிகையில அச்சாச்சு. ஏறக்குறைய உங்க மக வயசுல அவ மாதிரியே டிவி முன்னால உக்காந்திருந்த பிள்ளைதான் பின்னாடி டாக்டரா வந்தது.

தெப்பக்குளத்துக்காரி:
நேத்து ராத்திரி ‘டீப் பிரெத்’ போட்டேன். மொதல்ல அடுப்படி வாசல்லயே நின்னு பாத்தா. போன்ல அந்தக் குரல் வந்ததும் ஓடிவந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா, ரெண்டு பேருக்கும் பேச்சே வரல. அடுத்தது ‘இன்டு த டேலக்’, அதையும் இப்பவே போடுன்னு ஒரே அடம். நாளைக்குப் பரீட்சை, போடலன்னுட்டேன். ஆனா ரேடியோ டைம்ஸ் கடிதத்துல அவரு என்ன எழுதியிருந்தாருன்னு காலையில இருந்து துளைச்செடுக்கிறா. படிச்சவங்க யாராச்சும் இருந்தா எழுதுங்க.