கார்லூ குளத்துப் பாறையில் பார்த்த பாம்பு

மழைக்குருவி:
சிட்னி ராயல் தேசியப் பூங்கா, ஹீத்கோட் ஸ்டேஷனில் இறங்கிப் போகும் கார்லூ பாதை. இங்கே பாதிப் பேர் நடந்ததுதான். கடைசி இறக்கம் முடிந்து கங்காரு ஓடையிலுள்ள கார்லூ குளம் தெரிந்ததுமே மகள் ஷூவைக் கழற்றிவிட்டு, பாறை விளிம்பில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டாள். நான் புளிச்சோற்று டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். "அம்மா, ஒரு கறுப்புக் குழாய் நகருது" என்றாள்.

வயிறு சிவந்த கறுப்புப் பாம்பு. அவள் தொடைக்கும் அதற்கும் ஒரு முழம் இருக்கும். பாறை வெடிப்பைத் தாண்டும்போது பக்கவாட்டில் அந்தச் சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. கத்த வாயெடுத்தேன், குரல் வரவில்லை. அது தண்ணீரில் இறங்கி, தலையைத் தூக்கியபடி நீந்தி, அக்கரைப் புதருக்குள் போய்விட்டது. மூன்று வாரமாகியும் மனசு ஆறவில்லை. குரல் வந்திருந்தால் அவள் துள்ளியிருப்பாள்.

தெற்குக்காற்று:
அதே பாதையில் நான் பார்த்தது லயர் பறவை, மற்றப் பறவைகளின் குரலை அப்படியே எழுப்பிக் காட்டுவது. முதலில் சாட்டைப் பறவையின் சொடுக்கு, அப்புறம் குக்கபரா பறவையின் சிரிப்பு, எல்லாம் ஒரே புதரிலிருந்து! அசையாமல் நின்றேன். வாலை முதுகுக்கு மேல் கவிழ்த்து விரித்து ஆடியது. 1879இலிருந்து தேசியப் பூங்காவாக இருப்பதால்தான் ரயிலை விட்டு இறங்கினதுமே இதெல்லாம் கிடைக்கிறது. பாம்புக்குப் பயந்து போகாமல் இருந்துவிடாதீர்கள், அது தானாகவே விலகிப் போகும்.

நடைப்பித்தன்:
மேலே சொன்னது பாதிதான் சரி. விலகும், ஆனால் மிதித்தால் கடிக்கும். நான் ஒரு மரத்தடியைத் தாண்டிக் கால் வைத்த இடத்திலேயே ஒன்று கிடந்தது. அன்று தடித்த பூட்ஸ் போட்டிருந்தேன். அதனால் சொல்கிறேன்: அகலமான எலாஸ்டிக் பாண்டேஜ் பையிலேயே இருக்கட்டும். கடித்த இடத்தைக் கழுவக் கூடாது, கீறக் கூடாது. தோலில் ஒட்டிய விஷம் எந்த வகைப் பாம்பு என்று கண்டுபிடிக்க உதவலாம். கடிவாயின் மேல் இறுக்கிக் கட்டி, பிறகு விரல் நுனியிலிருந்து மேலே கை கால் முழுக்கச் சுற்ற வேண்டும். குச்சி வைத்து அசையாமல் கட்டி, அவசர உதவி எண் 000ஐக் கூப்பிடுங்கள். நடக்கவே கூடாது, நடந்தால் விஷம் சீக்கிரம் ஏறும். பள்ளத்தில் சிக்னலை நம்ப முடியாது. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

மழைக்குருவி:
பாண்டேஜ் வீட்டு அலமாரியில் இருந்தது. இன்று பைக்குள் வைத்துவிட்டேன். அக்கரைக்குப் போய் அது என்ன சாப்பிடும் என்று மகள் கேட்டாள். தவளை என்றேன். அடுத்த ஞாயிறும் அதே பாறைக்குத்தான் போக வேண்டுமாம்.